கேள்வி பதில்: எக்செல் தாளில் வடிவத்தைத் தட்டி மேக்ரோ ஓட்டுவது

எக்செல் தாளில் ஒரு சதுரத்தையோ அம்புக்குறியையோ வரைந்து, அதைத் தட்டியதும் ஒரு வேலை தானாக நடக்கச் செய்வது பற்றி (அந்த வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுதிதான் மேக்ரோ) வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மெனுப் பெயர்களையும் மேக்ரோச் சொற்களையும் உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டுள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். படிகள் விண்டோஸ் கணினியில் உள்ள எக்செல் 2016க்கும் அதற்குப் பிந்திய பதிப்புகளுக்கும் உரியவை.

கேள்வி: துணி மொத்த வியாபாரம். பில்லை எக்செல்லில் போடுகிறோம். அடுத்த வாடிக்கையாளருக்காகப் பழைய வரிகளை அழிக்கும்போது, அவசரத்தில் கூட்டுத்தொகைச் சூத்திரமும் சேர்ந்து போய்விடுகிறது. 'புதிய பில்' என்று ஒரு பட்டன் வைக்கலாமா? மேக்ரோ எழுதத் தெரியாது.
— கடை உரிமையாளர், புறக்கோட்டை

பதில்: எழுதத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கையால் செய்வதை எக்செல்லே பார்த்து எழுதிக்கொள்ளும். உங்கள் பில்லில் பொருள், அளவு, விலை ஆகியவை பி6 முதல் டி25 வரை இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பில் தாளைத் திறந்து அதிலேயே நில்லுங்கள். 'வியூ' தாவலில் 'மேக்ரோஸ்' என்பதன் கீழ் அம்பைத் தட்டி 'ரெக்கோர்ட் மேக்ரோ' கொடுங்கள். பெயர் கேட்கும். 'நியூபில்' என்று இடைவெளி விடாமல் தட்டுங்கள். 'ஸ்டோர் மேக்ரோ இன்' என்ற இடத்தில் 'திஸ் வேர்க்புக்' இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 'பெர்சனல் மேக்ரோ வேர்க்புக்' இருந்தால், மேக்ரோ அந்த ஒரு கணினியிலேயே தங்கிவிடும். காசாளரின் கணினியில் பட்டன் வேலை செய்யாது. ஓகே கொடுத்தபின் பி6 முதல் டி25 வரை தேர்ந்து 'டிலீட்' விசையைத் தட்டுங்கள். பிறகு பி6ஐ ஒருமுறை தட்டுங்கள், அடுத்த பில் அங்கிருந்துதானே தொடங்கும். இனி திரையின் இடது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைத் தட்டினால் பதிவு நின்றுவிடும்.

அடுத்து 'இன்சேர்ட்', 'ஷேப்ஸ்' வழியாக மூலை வளைந்த செவ்வகம் ஒன்றை வரையுங்கள். அது தேர்வில் இருக்கும்போதே 'புதிய பில்' என்று தட்டினால் எழுத்து உள்ளே வந்துவிடும். அதன் ஓரத்தில் ரைட் கிளிக் செய்து 'அசைன் மேக்ரோ', பட்டியலில் 'நியூபில்', ஓகே. வெளியே ஒரு செல்லைத் தட்டிவிட்டுச் சுட்டியை வடிவத்தின் மேல் கொண்டுபோங்கள். அம்பு கை விரலாக மாறினால் மேக்ரோ இணைந்துவிட்டது.

கோப்பைச் சேமிக்கும்போது 'எக்செல் மேக்ரோ எனேபிள்ட் வேர்க்புக்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வழமையான எக்செல் வகையில் சேமித்தால் வடிவம் அப்படியே இருக்கும், மேக்ரோ கழன்றுவிடும். சேமிக்கும்போது எக்செல் எச்சரிக்கத்தான் செய்கிறது. அதை வாசிக்காமல் 'யெஸ்' கொடுப்பதுதான் பெரும்பாலான 'நேற்று வேலை செய்தது, இன்று இல்லை' முறைப்பாடுகளுக்குக் காரணம்.

இத்துடன் நிறுத்தாதீர்கள். மேக்ரோ ஓடியபின் கன்ட்ரோல் ஸெட் வேலை செய்யாது. பின்வாங்கும் வரலாற்றையே எக்செல் துடைத்துவிடும். அச்சடிக்காத பில்லின் மேல் தவறுதலாகக் கிளிக் பட்டால் 20 வரிகள் போனது போனதுதான். ஆகவே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அழிக்கச் செய்யுங்கள். ஓல்ட் எஃப்11 தட்டினால் மேக்ரோ எழுதும் எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் 'மொடியூல்1' என்பதை இரட்டைக் கிளிக் செய்து, 'சப் நியூபில்' வரிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

இஃப் எம்எஸ்ஜிபொக்ஸ்("நியூ பில்?", விபியெஸ்நோ + விபிடிஃபோல்ட்பட்டன்2) = விபிநோ தென் எக்ஸிட் சப்

'விபிடிஃபோல்ட்பட்டன்2' என்பது முக்கியம். அது இருந்தால் கேள்விப் பெட்டியில் 'நோ' முன்தேர்வாக நிற்கும். பழக்க வேகத்தில் என்டர் தட்டினாலும் பில் தப்பும்.

பதிவான வரிகளில் 'ரேஞ்ச்("பி6:டி25")' என்பதற்கு முன்னால் தாளின் பெயர் இருக்காது. எந்தத் தாள் திரையில் இருக்கிறதோ அதையே அது அழிக்கும். வடிவம் பில் தாளில் இருப்பதால் கிளிக் செய்யும்போது ஆபத்தில்லை. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல் திறந்திருக்கும்போது யாராவது ஓல்ட் எஃப்8 தட்டி வரும் மேக்ரோ பட்டியல் வழியாக ஓட்டினால் அந்தப் பட்டியல் போய்விடும். 'பி6:டி25' உள்ள, 'செலக்ட்' என்று முடியும் வரியையும் 'கிளியர்கன்டென்ட்ஸ்' என்று முடியும் வரியையும் எடுத்துவிட்டு, 'வேர்க்ஷீட்ஸ்("பில்").ரேஞ்ச்("பி6:டி25").கிளியர்கன்டென்ட்ஸ்' என்று ஒரே வரியாக்குங்கள். மேற்கோளுக்குள் இருப்பது உங்கள் தாளின் கீழ்த்தாவலில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். பி6ஐத் தேர்ந்த வரி அப்படியே இருக்கட்டும்.

வற் வரி வீதத்தை மேக்ரோவுக்குள்ளோ சூத்திரத்துக்குள்ளோ எழுத வேண்டாம். இலங்கையில் 2022இல் அது 8 சதவீதத்திலிருந்து 12 ஆகி, அதே ஆண்டில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. அழியும் பகுதிக்கு வெளியே ஒரு செல்லில் 18% என்று வைத்து, சூத்திரத்தை அந்தச் செல்லோடு இணையுங்கள்.

கேள்வி: வடிவத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று தொட்டால் மேக்ரோ ஓடிவிடுகிறது. எப்படிப் பிடிப்பது?
— மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே கிளிக் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வீடு சாப்பாடு அனுப்பும் சிறு தொழில். ஓடர்களில் கொழும்பு 1 முதல் 15 வரை பகுதி இலக்கம் ஒரு நிரலில் இருக்கிறது. பகுதிக்கொரு வடிவம் வைத்து, தட்டினால் அந்தப் பகுதி ஓடர்கள் மட்டும் தெரிய வேண்டும். 15 மேக்ரோ பதிவு செய்யத் தொடங்கி நான்காவதில் களைத்துவிட்டேன்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நல்லவேளை நான்கோடு நிறுத்தினீர்கள். 15 வடிவத்துக்கும் ஒரே மேக்ரோ போதும். எந்த வடிவம் தட்டப்பட்டது என்பதை 'அப்ளிகேஷன்.கோலர்' என்ற சொல் மேக்ரோவுக்குச் சொல்லிவிடும். அது திருப்பித் தருவது வடிவத்தின் பெயரை. ஆகவே பெயரிலேயே பகுதி இலக்கத்தை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஒரு வடிவத்தை வரைந்து அளவும் நிறமும் சரிசெய்து, கன்ட்ரோல் டி தட்டி 15 ஆக்குங்கள். பிரதி எடுத்த பின்னரே பெயரிடுங்கள். முதலில் பெயரிட்டுவிட்டுப் படியெடுத்தால் எல்லாவற்றுக்கும் அதே பெயர் வந்து, பின்னால் குழப்பும். சூத்திரப் பட்டையின் இடது முனையில், வழமையாகச் செல் முகவரி காட்டும் பெட்டிதான் பெயர்ப் பெட்டி. வடிவத்தைத் தேர்ந்து, அதில் 'ஏரியா_1' என்று தட்டி என்டர் கொடுங்கள். என்டர் கொடுக்காமல் வேறிடத்தைத் தட்டினால் பெயர் பதியாது. பெயரின் நடுவே அடிக்கோடு வேண்டும். ஓர் எழுத்தும் ஓர் இலக்கமுமாகச் சுருக்கினால் எக்செல் அதைச் செல் முகவரி என்று எண்ணிக்கொள்ளும். எல்லாவற்றையும் முடித்ததும் ஓல்ட் எஃப்10 தட்டுங்கள். வலப்பக்கம் வடிவங்களின் பட்டியல் வரும். ஏரியா_1 முதல் ஏரியா_15 வரை விடுபடாமல் இருக்கிறதா என்று அங்கே ஒரே பார்வையில் சரிபார்க்கலாம்.

வடிவத்தின் மேல் தெரியும் எழுத்து வேறு, பெயர் வேறு. ஏரியா_6இன் மேல் 'வெள்ளவத்தை' என்றும், ஏரியா_13இன் மேல் 'கொட்டாஞ்சேனை' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வடிகட்டுவதை இலக்கத்தை வைத்தே செய்யுங்கள். தமிழ் ஊர்ப்பெயரை வைத்து வடிகட்டினால் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பையும் காலையும் சேர்த்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்றேதான். எக்செல்லுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலும் இன்னொருவர் யுனிகோடிலும் தட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம், பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. இலக்கம் இந்த வம்பு எதிலும் மாட்டாது.

ஓடர் அட்டவணையின் தலைப்பு 4ஆம் வரியில், பகுதி இலக்கம் மூன்றாம் நிரலில் என்று வைத்தால், எடிட்டரின் மொடியூலில் எழுதி 15 வடிவத்துக்கும் 'அசைன் மேக்ரோ' மூலம் இணைக்க வேண்டிய மேக்ரோ இவ்வளவுதான்:

சப் ஏரியாஃபில்டர்()
டிம் பெயர் ஏஸ் ஸ்ட்ரிங்
பெயர் = அப்ளிகேஷன்.கோலர்
ரேஞ்ச்("ஏ4").கரன்ட்ரீஜன்.ஓட்டோஃபில்டர் 3, மிட்(பெயர், 6)
எண்ட் சப்

'பெயர்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில், மேக்ரோக் கட்டளை அல்லாத ஒரு சொல்லை வைக்கலாம். 'ஏரியா' ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, அடிக்கோடு ஒன்று. ஆகவே 6ஆம் எழுத்திலிருந்து எடுத்தால் இலக்கம் மட்டும் கிடைக்கும். எல்லா ஓடர்களையும் திரும்பக் காட்ட 'எல்லாம்' என்று ஒரு 16ஆவது வடிவம் வைத்து, 'ரேஞ்ச்("ஏ4").கரன்ட்ரீஜன்.ஓட்டோஃபில்டர் 3' என்ற ஒரே வரி கொண்ட தனி மேக்ரோவை அதற்கு இணையுங்கள். நிபந்தனை கொடுக்காவிட்டால் அந்த நிரலின் வடிகட்டல் நீங்கிவிடும்.

மூன்று இடத்தில் கவனம். ஒன்று, இந்த மேக்ரோவை எடிட்டரில் எஃப்5 தட்டிச் சோதிக்க முடியாது. எந்த வடிவமும் தட்டப்படாததால் 'டைப் மிஸ்மட்ச்', பிழை 13 வரும். மேக்ரோ கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், தாளுக்குப் போய் வடிவத்தைத் தட்டுங்கள். இரண்டு, 'கரன்ட்ரீஜன்' என்பது ஏ4ஐச் சுற்றி வெற்று வரி வரும்வரை உள்ள பகுதி. ஓடர்களுக்கு நடுவே அழகுக்காக ஒரு முழு வரியை வெறுமையாக விட்டால் அதற்குக் கீழே உள்ளவை வடிகட்டலில் சேரா. அதேபோல 3ஆம் வரியின் செல்களில் எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் அதுவே தலைப்பாகிவிடும். மூன்று, வடிவங்கள் அனைத்தும் முதல் மூன்று வரிகளின் மேல் இருக்கட்டும். 'வியூ' தாவலில் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுத்து அந்த வரிகளை நிறுத்திவையுங்கள். ஓடர் வரிகளின் பக்கத்தில் வைத்தால் என்னாகும் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: தாளை வடிகட்டியதும் பட்டன்கள் நசுங்கிக் கோடாகிவிடுகின்றன. சில காணாமலே போகின்றன. தவிர, பில் அச்சடித்தால் பட்டனும் சேர்ந்து அச்சாகிறது.
— கணக்கு உதவியாளர், மருதானை

பதில்: வரையும்போது எல்லா வடிவங்களும் தமக்குக் கீழே உள்ள செல்களோடு ஒட்டிக்கொள்கின்றன. வரி மறைந்தால் அதன் உயரம் பூச்சியம். மேலே கிடக்கும் வடிவமும் பூச்சியம். கன்ட்ரோல் கிளிக் செய்து வடிவத்தைத் தேர்ந்து, ரைட் கிளிக், 'ஃபோர்மட் ஷேப்', அதில் மூன்றாவதாக உள்ள 'சைஸ் அண்ட் ப்ரொபர்ட்டீஸ்', அதன் கீழ் 'ப்ரொபர்ட்டீஸ்'. அங்கே 'டோன்ட் மூவ் ஓர் சைஸ் வித் செல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் 'பிரின்ட் ஒப்ஜெக்ட்' என்பதன் சரிக்குறியை நீக்கினால் திரையில் மட்டும் தெரியும், தாளில் அச்சாகாது. பல வடிவங்களை ஒன்றாகத் தேர்ந்து ஒரே தடவையில் மாற்றலாம். ஏற்கெனவே நசுங்கியவற்றை ஓல்ட் எஃப்10 பட்டியலில் பெயரைத் தட்டிப் பிடித்து, உயரத்தை மீண்டும் கொடுங்கள்.

கேள்வி: மேக்ரோவில் 'சேமிக்கப்பட்டது' என்று தமிழில் செய்தி காட்ட முயன்றேன். எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. யுனிகோட் எழுத்துரு எல்லாம் இருக்கிறது.
— ஆசிரியர், முகத்துவாரம்

பதில்: எழுத்துருவில் பிழை இல்லை. மேக்ரோ எடிட்டர் யுனிகோடுக்கு முந்திய காலத்து ஏற்பாட்டில் இயங்குகிறது. தமிழுக்கு விண்டோஸில் அந்தப் பழைய வகைக் குறித்தொகுதியே (எழுத்துக்கு எண் கொடுக்கும் பட்டியல்) கிடையாது. அதனால் எடிட்டரில் தட்டிய தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். 'எம்எஸ்ஜிபொக்ஸ்' செய்திப் பெட்டிக்கும் இதே குறைதான்.

செல்களுக்கும் வடிவங்களுக்கும் அந்தக் குறை இல்லை. ஆகவே தமிழை மேக்ரோவுக்குள் கொண்டுபோகாமலே காரியம் பார்க்கலாம். 'செய்திகள்' என்ற நோக்கில் ஒரு தனித் தாள் சேர்த்து, அதற்கு ஆங்கில எழுத்தில் 'டெக்ஸ்ட்' என்று பெயரிட்டு, ஏ1இல் 'சேமிக்கப்பட்டது' என்று தட்டுங்கள். முதன்மைத் தாளில் ஒரு செவ்வகம் வரைந்து 'ஸ்டேட்டஸ்' என்று பெயரிடுங்கள். மேக்ரோவின் கடைசியில் இந்த வரி:

அக்டிவ்ஷீட்.ஷேப்ஸ்("ஸ்டேட்டஸ்").டெக்ஸ்ட்ஃப்ரேம்2.டெக்ஸ்ட்ரேஞ்ச்.டெக்ஸ்ட் = வேர்க்ஷீட்ஸ்("டெக்ஸ்ட்").ரேஞ்ச்("ஏ1").வேல்யூ

செவ்வகத்தில் தமிழ் சுத்தமாக வரும். சிங்களத்திலும் காட்ட வேண்டுமானால் பி1இல் சிங்களத்தை வைத்து, முகவரியை மட்டும் மாற்றினால் போதும். மும்மொழியில் வேலை செய்யும் பாடசாலைக்கு இந்த ஏற்பாடே வசதி. செய்தியைத் திருத்த எடிட்டருக்குப் போகவே தேவையில்லை.

கேள்வி: கிளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பில் பட்டன் வேலை செய்யவில்லை. மேலே சிவப்புப் பட்டை ஒன்று வருகிறதாம். எங்கள் கணினியில் சரியாகவே ஓடுகிறது.
— அலுவலக உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனை

பதில்: இணையம் வழியாக வந்த கோப்புக்கு விண்டோஸ் ஓர் அடையாளம் இடுகிறது. 2022 முதல் மைக்ரோசொஃப்ட், அந்த அடையாளம் உள்ள கோப்புகளின் மேக்ரோவை முற்றாகத் தடுக்கிறது. பழைய மஞ்சள் பட்டையில் இருந்த 'எனேபிள் கன்டென்ட்' பட்டன் இந்தச் சிவப்புப் பட்டையில் இல்லை.

கிளையில் உள்ளவர் இணைப்பை நேரே திறக்காமல் ஒரு ஃபோல்டரில் சேமித்து, எக்செல்லை மூடிவிட்டு, கோப்பின் மேல் ரைட் கிளிக், 'ப்ரொபர்ட்டீஸ்' போகட்டும். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்புளொக்' என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். சரிக்குறி இட்டு ஓகே. ஸிப் செய்து அனுப்பினால், பிரிப்பதற்கு முன் ஸிப் கோப்புக்கே இதைச் செய்ய வேண்டும்.

சிலர் அமைப்புகளுக்குள் போய் எல்லா மேக்ரோக்களையும் அனுமதித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்தக் கணினிக்கு நாளை வரும் ஏமாற்றுக் கோப்பும் அதே வாசலால் நுழையும். அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த கோப்பை மட்டும் அன்புளொக் செய்யுங்கள்.

கேள்வி: மார்ச் கோப்பில் இருந்த தாளை ஏப்ரல் கோப்புக்குப் பிரதி செய்தேன். ஏப்ரலில் பட்டனைத் தட்டினால் மார்ச் கோப்பு திறக்கிறது! மார்ச்சை வேறு ஃபோல்டருக்கு மாற்றியதும் 'கனொட் ரன் த மேக்ரோ' என்கிறது.
— சம்பளப் பிரிவு, கொழும்பு 2

பதில்: தாள் வந்தது, மேக்ரோ வரவில்லை. வடிவம் இன்னும் பழைய கோப்பின் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து 'அசைன் மேக்ரோ' பார்த்தால் மேக்ரோ பெயருக்கு முன்னால் மார்ச் கோப்பின் பெயரும் ஓர் ஆச்சரியக்குறியும் தெரியும். இரண்டு கோப்பையும் திறந்து, ஓல்ட் எஃப்11இல் மார்ச்சின் மொடியூலை இழுத்து ஏப்ரலின் மேல் போடுங்கள். பிறகு வடிவத்துக்கு மேக்ரோவை மீண்டும் இணையுங்கள், 'மேக்ரோஸ் இன்' என்ற இடத்தில் 'திஸ் வேர்க்புக்' என்று தேர்ந்துவிட்டு.

சம்பள வேலையில் இது சிறு தொந்தரவல்ல. மார்ச்சின் மேக்ரோ ஓடும்போது ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8, நிறுவனத்தின் 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் என்ற கணக்கை அது எந்தக் கோப்பின் சம்பளத்தில் போடுகிறது என்பதே தெரியாமல் போகலாம். ஆகவே மாதா மாதம் தாளைப் பிரதி செய்யும் வழக்கத்தையே விடுங்கள். மார்ச் கோப்பை முழுதாகத் திறந்து 'சேவ் ஏஸ்' கொடுத்து ஏப்ரல் என்று சேமித்தால் மேக்ரோவும் வடிவமும் சேர்ந்தே வரும்.

கேள்வி: சூத்திரங்களைப் பாதுகாக்கத் தாளைப் பூட்டினேன். இப்போது பட்டன் தட்டினால் பிழை 1004.
— வாசகர், தெமட்டகொடை

பதில்: பூட்டு மேக்ரோவையும் தடுக்கிறது. ஓல்ட் எஃப்11இல் 'திஸ்வேர்க்புக்' என்பதைத் திறந்து, 'வேர்க்புக்_ஓப்பன்' நிகழ்வுக்குள் உங்கள் தாளுக்கு 'ப்ரொடெக்ட்' கட்டளையை 'யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி' என்ற தெரிவை 'ட்ரூ' என்று வைத்து எழுதுங்கள். தாளுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் அதையும் அந்த வரியிலேயே கொடுக்க வேண்டும். கைக்குப் பூட்டும் மேக்ரோவுக்குத் திறப்பும் கிடைக்கும். இந்தத் தெரிவு கோப்போடு சேமிக்கப்படாது. அதனால்தான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓடும் இடத்தில் எழுதச் சொல்கிறோம்.

கேள்வி: கொழும்பு வரைபடத்தின் மேல் நிறமில்லாத வடிவங்களை வரைந்து மேக்ரோ இணைத்தேன். ஓரத்தில் தட்டினால் மட்டும் வேலை செய்கிறது, நடுவில் தட்டினால் இல்லை.
— பல்கலைக்கழக மாணவர், கறுவாத்தோட்டம்

பதில்: 'நோ ஃபில்' என்று வைத்தால் நடுப்பகுதி வெறும் ஓட்டை; கிளிக் அதனூடாகக் கீழே போய்விடும். 'சொலிட் ஃபில்' கொடுத்து 'ட்ரான்ஸ்பரன்சி'யை 100% ஆக்குங்கள். கண்ணுக்கு அதே தோற்றம், ஆனால் முழுப் பரப்பும் கிளிக்கை ஏற்கும்.

கேள்வி: இதே பட்டன்கள் கைபேசியில் வேலை செய்யுமா? கூகுள் ஷீட்ஸில்?
— விநியோக ஊழியர், கிராண்ட்பாஸ்

பதில்: கைபேசி எக்செல்லிலும் உலாவியில் திறக்கும் எக்செல்லிலும் இந்த மேக்ரோக்கள் ஓடா. வடிவம் தெரியும், தட்டினால் எதுவும் நடக்காது.

கூகுள் ஷீட்ஸில் 'இன்சேர்ட்', 'ட்ரோயிங்' வழியாக வரைந்து, அதன் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி 'அசைன் ஸ்கிரிப்ட்' கொடுத்து, ஸ்கிரிப்டில் (கூகுளின் மேக்ரோ) நீங்கள் எழுதிய ஃபங்ஷனின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் கணினியில் வேலை செய்யும். கைபேசிச் செயலியில் அதுவும் இல்லை. நீங்கள் வண்டியில் இருந்துகொண்டு தட்ட வேண்டுமானால் வடிவத்தை விட்டுவிட்டு ஒரு செல்லில் 'செக்பொக்ஸ்' வையுங்கள். ஸ்கிரிப்டில் 'ஒன்எடிட்' என்ற ஃபங்ஷனை எழுதி, அந்தச் செல் மாறும்போது வேலையைச் செய்துவிட்டுச் சரிக்குறியைத் தானே எடுத்துவிடச் சொன்னால், கைபேசியிலும் அதுவே பட்டன்.